ஈட்டிக் கன்றா, திசு வளர்ப்புக் கன்றா?

களக்காட்டு ஏத்தன் (நேந்திரன்) வாழைக்கு ஈட்டிக் கன்றுதான், அதாவது தாய் மரத்தின் கிழங்கிலிருந்து ஈட்டி போல் குறுகிய இலையோடு முளைக்கும் பக்கக் கன்றுதான், பழகிய வழி. பக்கத்துத் தோட்டத்திலேயே மலிவாகக் கிடைக்கும். ஆனால் தாய் மரத்தின் கூன்வண்டும் நூற்புழுவும் இலைகளை உச்சியில் கொத்தாகக் குறுக்கும் முடிக்கொத்து வைரஸும் கிழங்கோடு வந்துவிடும். கிழங்கைச் சீவி மருந்தில் நனைத்தாலும் வைரஸ் போகாது.

ஆய்வகத்தில் தாயின் சிறு திசுவிலிருந்து வளர்க்கும் திசு வளர்ப்புக் கன்று, வைரஸ் சோதனை முடிந்ததாக இருந்தால், சுத்தமாக வரும். விலை கூடுதல். இளங்கன்றுக்குத் தண்ணீர் தவறவே கூடாது. குலைகள் ஏறக்குறைய ஒன்றாகவே தள்ளும். ஓணச் சந்தையைக் கணக்கிட்டு நடுகிறவருக்கு அது வரம், விலை சரிந்த வாரத்தில் அதுவே வினை. மரபணு மாற்றியது என்று சிலர் பயப்படுகிறார்கள், வீண் பயம். ஈட்டிக் கன்றைப் போல இதுவும் தாயின் நகல்தான். மண்ணில் வாடல் நோய் இருந்தால் இரண்டுமே தப்பாது.

கால்வாய்த் தண்ணீர் உறுதி என்றால் நான் திசுக் கன்றையே எடுப்பேன்.