மக்காச்சோளப் பிளாஸ்டிக் விளக்குக் கூடு: அழகு சரி, நெருப்புக்கு ஆகாது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுப் பூசை அறை பல்புக்காகப் புதுச்சேரியில் ஒரு கடையில் த்ரீடி பிரிண்ட் போட்ட விளக்குக் கூடு வாங்கினேன். 650 ரூபாய். தாமரை இதழ் மாதிரி அடுக்கடுக்காக, உள்ளே பல்பு எரியும்போது சுவரில் நிழல் விழும் அழகுக்கே அந்த விலை கொடுக்கலாம். வேலைப்பாட்டில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், பிசிறு இல்லை, மாட்டுவதும் சுலபம்.

"இது பி.எல்.ஏ.ங்கற பிளாஸ்டிக் அக்கா, மக்காச்சோளத்துல செய்றது, பூமிக்கு நல்லது" என்றார் கடைத் தம்பி. மக்காச்சோளத்தில் செய்வது உண்மைதான். ஆனால் எரியுமா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஜன்னல் திறந்திருந்தது, கடல் காற்று உள்ளே புகுந்ததில் குத்துவிளக்குச் சுடர் நீண்டு கீழ் இதழைத் தொட்டுவிட்டது. பற்றிய வேகத்தைவிட எனக்குப் பயம் தந்தது அது சொட்டியதுதான். எரிகிற சொட்டு ஒவ்வொன்றாக மணைப்பலகை மேல் விழுந்து அங்கேயும் எரிந்தது. பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார். ஈரத் துணியைப் போட்டு அணைத்தேன். பலகையில் நாலு கருப்புத் தழும்பு, வேறு சேதம் இல்லை.

அப்புறம் உடைந்த இதழ் ஒன்றை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறத்தில் நானே எரித்துப் பார்த்தேன். கூடவே பழைய கம்பளிப் போர்வையின் நூல், கறிக்கடையில் கேட்டு வாங்கிய கோழி இறகு. பி.எல்.ஏ. துண்டு தீக்குச்சியை எடுத்த பிறகும் சொட்டிக்கொண்டே எரிந்தது. கம்பளி நூல் சுருண்டு, மயிர் பொசுங்கும் நாற்றம் அடித்து, கருப்பாய் ஒரு கரி உருண்டையாகித் தானே அணைந்தது. இறகும் ஏறக்குறைய அப்படித்தான், மெல்லிய தூவி மட்டும் சட்டென்று போய்விட்டது.

காரணம் கெரட்டின் என்ற புரதம். நம் முடி, நகம், ஆட்டு ரோமம், கோழி இறகு எல்லாம் அதுதான். அதில் நைட்ரஜன் மட்டுமே 15 சதவீதத்துக்கு மேல், கந்தகமும் உண்டு, அதனால் சூடு பட்டால் உருகி ஓடாமல் கரியாக இறுகுகிறது. ஒரு பொருள் தொடர்ந்து எரிய எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் 21 சதவீதம் இருக்கிறது, பி.எல்.ஏ.வுக்கு 20 சதவீதத்தை ஒட்டி இருந்தாலே போதும், கம்பளிக்கோ 25 வரை வேண்டும். இந்த வித்தியாசத்தைத்தான் நான் கொல்லையில் பார்த்தேன்.

வெறும் இறகைப் பொடித்துக் கலந்தால் பி.எல்.ஏ. தீயை எதிர்த்துவிடாது, அதையும் சொல்லிவிட வேண்டும். பாஸ்பரஸ் உப்பு, உதாரணமாக அம்மோனியம் பாலிபாஸ்பேட், சேர்க்க வேண்டும். புரதத்தின் நைட்ரஜனும் இந்தப் பாஸ்பரஸும் கூடினால்தான் மேலே கெட்டியான கரி ஏடு கட்டும், உள்ளே சூடு இறங்காது, சொட்டுவதும் குறையும். தோல் பதனிடும் ஆலைகளில் மிஞ்சும் மயிரையே இதற்குப் பயன்படுத்தி மெக்சிகோ ஆராய்ச்சியாளர்கள் வேலை செய்திருக்கிறார்கள். நமக்கு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் அந்த மயிர் கிடைக்கும், இறகோ எந்த ஊர்க் கறிக்கடை வாசலிலும் மூட்டையாய்க் கிடந்து நாறுகிறது. இந்தக் கழிவைக் கலந்து ஒரு விளக்குக் கூடு யாராவது செய்தால் இன்னும் 200 ரூபாய் கூடக் கொடுத்து வாங்குவேன்.

கருகிய இதழைக் கடைக்கே கொண்டுபோய்க் காட்டினேன். தம்பி வாங்கிப் பார்த்துவிட்டு, "இத யாரும் எங்ககிட்ட கேட்டதே இல்லக்கா" என்றார். கேளுங்கள். செங்குத்தாக நிறுத்தி 10 விநாடி தீ காட்டிச் சோதிக்கும் யு.எல். 94 தேர்வில் தேறியதா என்று கேட்டால் போதும். எல்.இ.டி. பல்பு மட்டும் போடுங்கள், 60 டிகிரி சூட்டிலேயே பி.எல்.ஏ. நெகிழ ஆரம்பித்துவிடும், குண்டு பல்பு ஆகவே ஆகாது.

5க்கு 3. அந்தக் கூடு இப்போது ஓர் இதழ் குறைந்து கூடத்தில் தொங்குகிறது, பூசை அறைக்குப் பித்தளையில் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.