இளையாத்தங்குடிக்குள் ஒளிந்திருக்கும் ஆத்தங்குடி: சிடிபாத்தா, ஸோக்ஸைடா?

நகரத்தார் கோயில்கள் ஒன்பது, அப்புறம் சுற்றுவட்ட ஊர்களின் பழைய வீடுகள். இவற்றின் படங்களைக் காரைக்குடியில் உட்கார்ந்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் டெர்மினலில்தான், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலை வாங்கும் திரையில். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு தாண்டி அடுப்படிக்கு நடப்பது வீட்டில் சுகம். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகத் தினம் நாற்பது தடவை நடந்தால் கை ஓய்ந்துவிடும். பெயரைப் பாதி அடித்தால் மீதியை நிரப்பித் தரும் டேப் விசையும் பாதி தூரம்தான் வரும்: இளையாத்தங்குடி, இலுப்பைக்குடி, இரணியூர் என்று மூன்று பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்கினால் அது என்ன செய்யும்?

ஃபோல்டர் மாறுவதற்கான கட்டளை ‘சிடி’ (cd). இரண்டே இடங்களுக்கு மாறி மாறிப் போவதென்றால் ‘சிடி -’ போதும். கடைசியாக இருந்த இடத்துக்குத் திரும்பும். அதற்கு முந்தையது அதற்குத் தெரியாது. மூன்று நான்கு இடங்கள் என்றால் புஷ்டி (pushd), பாப்டி (popd) என்ற கட்டளைகள். (பெயரைக் கேட்டால் லேகியம் மாதிரி இருக்கிறது.) போகிற இடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்து, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கும். எது எத்தனையாவது என்று பார்க்க ‘டர்ஸ் -வி’ (dirs -v). நான் அடுக்கிவிட்டு மறந்துவிடுகிற ஆள், எனக்கு ஒத்துவரவில்லை.

உண்மையான போட்டி தலைப்பில் சொன்ன இரண்டுக்கும்தான்: தனியாக நிறுவிக்கொள்ளும் ஸோக்ஸைட் (zoxide) என்ற கருவி, ‘சிடி’ எங்கெங்கே தேட வேண்டும் என்று எழுதி வைக்கும் சிடிபாத் (CDPATH) என்ற அமைப்பு.

ஸோக்ஸைட், நாம் போகிற இடங்களைக் கவனித்து மதிப்பெண் போடும். அடிக்கடி போனதற்கும் அண்மையில் போனதற்கும் மதிப்பு அதிகம்: கடந்த ஒரு மணி நேரத்துக்குள் போயிருந்தால் 4 மடங்கு, ஒரு நாளுக்குள் என்றால் 2 மடங்கு, ஒரு வாரத்துக்குள் என்றால் பாதி, அதற்கும் பழையது என்றால் கால். ‘இசட்’ (z) என்று அடித்து பெயரில் ஒரு துண்டு கொடுத்தால் போதும். பிரமாதம்தான், ஆனால் நம் ஊர்ப் பெயர்களோடு மோதுகிறது. ‘குடி’ என்றால் சூரைக்குடியா, வேலங்குடியா, காரைக்குடியா? என் ஃபோல்டர் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. தரைக்கல் படம் தேடி ‘ஆத்தங்குடி’ என்று முழுப் பெயரையே அடித்தேன். இளையாத்தங்குடிக் கோயிலில் கொண்டுபோய் இறக்கியது. ஆங்கில எழுத்தில் அந்தப் பெயருக்குள் இந்தப் பெயர் அப்படியே இருக்கிறது, அந்த வாரம் கோயில் வேலைதான் அதிகம். ‘இசட் வீடு ஆத்தங்குடி’ என்று மேல் ஃபோல்டரையும் சேர்த்துச் சொன்னால் சரியாகப் போகும்.

சிடிபாத்தில் இந்தக் குழப்பமே இல்லை. கோயில், வீடு ஆகிய இரண்டு ஃபோல்டர்களின் முகவரியையும் ஒருமுறை எழுதி வைத்தேன். எங்கிருந்தாலும் ‘சிடி நேமம்’ என்றால் நேமம்தான். முழுப் பெயர் கேட்கும், ஊகிக்காது. ஒரு படி கீழே வரைதான் பார்க்கும் என்பது குறை.

ஆனால் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். சிடிபாத்தை எக்ஸ்போர்ட் செய்திருந்தேன், அதாவது நான் ஓட்டும் ஸ்கிரிப்ட்களுக்கும் அது போய்ச்சேரும்படி வைத்திருந்தேன். ‘முதலில் இப்போது இருக்கிற ஃபோல்டரிலேயே தேடு’ என்று சொல்லும் புள்ளியையும் பட்டியலின் தொடக்கத்தில் வைக்கவில்லை. படங்களைச் சுருக்கும் என் ஸ்கிரிப்ட், பிரதியில் இருந்த நேமத்துக்குள் போவதற்குப் பதிலாக அசல் நேமத்துக்குள் போய் எல்லாவற்றையும் சுருக்கிவிட்டது. பழைய ஹார்ட் டிஸ்கில் இன்னொரு பிரதி இருந்ததால் பிழைத்தேன். எக்ஸ்போர்ட் வேண்டாம், முதல் இடத்தில் புள்ளி கட்டாயம்.

இப்போது கோயில், வீடு இரண்டுக்கும் சிடிபாத். ஆறேழு அடுக்குக்குக் கீழே கிடக்கிற, ஒரு வாரம் மட்டும் தேவைப்படும் ஃபோல்டர்களுக்கு ஸோக்ஸைட். அவற்றின் பெயரில் மட்டும் ‘குடி’ வராமல் பார்த்துக்கொள்கிறேன்.