பெட்சி ராஸின் நான்கு பெயர்களும் ஹின்ஷாவின் இரண்டாம் தொகுதியும்

பிலடெல்பியாவின் ஆர்ச் தெருவில் உள்ள பெட்சி ராஸ் வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பேத்தி கேட்டாள்: "பாட்டி, ஒரே ஆளுக்கு ஏன் இத்தனை பெயர்?" பிறந்த வீட்டுப் பெயர் கிரிஸ்காம்; கல்யாணங்களால் வந்தவை ராஸ், ஆஷ்பர்ன், கிளேபூல். அமெரிக்காவின் முதல் கொடியைத் தைத்தவர் என்று சொல்லப்படும் பெண் அவர். கொடிக் கதைக்கு அந்தக் காலத்து ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. கல்யாணங்களுக்கு இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான், விடுவேனா?

பெட்சி பிறந்தது குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில். நூலகத்தில் எடுத்துத் தந்தது, வில்லியம் வேட் ஹின்ஷா தொகுத்த அமெரிக்கக் குவேக்கர் வம்சாவளிக் கலைக்களஞ்சியத்தின் இரண்டாம் தொகுதி. வெளிவந்த ஆண்டு 1938. ஆயிரம் பக்கங்களைத் தாண்டும். ஹின்ஷா ஒரு காலத்தில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பராவில் பாடியவர். பாட்டை விட்டுவிட்டுப் பழைய சபைக் குறிப்பேடுகளில் இறங்கிய அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

புத்தகம் சபை வாரியாகவும், சபைக்குள் குடும்பப் பெயர் வாரியாகவும் ஓடுகிறது. எல்லாமே சுருக்கெழுத்து. 'டிஸ்' என்றால் சபையிலிருந்து விலக்கப்பட்டவர். 'எம்.ஓ.யூ.' என்றால் சபைக்கு வெளியே மணம் செய்தவர். வில்லங்கச் சான்று படித்துப் பழகியவர்களுக்கு இரண்டே மணி நேரத்தில் கை வந்துவிடும்.

அந்தக் காலக் குவேக்கர் கல்யாணத்துக்குப் பாதிரியார் கிடையாது. ஆணும் பெண்ணும் தங்கள் விருப்பத்தை மாதக் கூட்டத்தில் இருமுறை அறிவிக்க வேண்டும். வேறு பந்தம் ஏதும் இல்லையே என்று சபை விசாரிக்கும். பெண்களுக்குத் தனிக் கூட்டம், தனிக் குறிப்பேடு. அதனால்தான் மற்ற ஏடுகளில் கணவன் பெயருக்குள் கரைந்துபோகும் பெண் இங்கே பிடிபடுகிறாள். விதியை மீறியவளைப் பற்றிய குறிப்பில் பிறந்த வீட்டுப் பெயரும் புகுந்த வீட்டுப் பெயரும் சேர்ந்தே வருவதுண்டு. பெட்சி 1773இல் குவேக்கர் அல்லாத, ஆங்கிலிகன் சபைப் பாதிரியாரின் மகன் ஜான் ராஸை நியூஜெர்சிக்குப் போய் மணந்துகொண்டார். சபை அவரை விலக்கியது. முன்னோரைத் தேடுகிறவர்கள் முதலில் இந்த விலக்கல்களைத்தான் பார்க்க வேண்டும்.

தேதியில் மட்டும் கவனம் தேவை. குவேக்கர்கள் மாதத்துக்குப் பெயர் எழுதாமல் எண் எழுதினார்கள். 1752க்கு முன்னால் 'முதல் மாதம்' என்றால் மார்ச். பெட்சி பிறந்தது 1752 முதல் மாதம், முதல் நாள். பழைய கணக்கை மனத்தில் வைத்து நோட்டில் மார்ச் என்று எழுதிவிட்டேன். ஆங்கிலேய ஆட்சிப் பகுதிகளில் ஆண்டு ஜனவரியில் தொடங்கியதே அந்த நாளிலிருந்துதான் என்பது பிறகு நினைவுக்கு வந்தது. அடித்துத் திருத்தினேன்.

குறைகளும் உண்டு. மூலச் சான்றிதழில் கல்யாணத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் கையெழுத்திட்டிருப்பார்கள். யார் யாருக்கு உறவு என்று தேடுபவருக்கு அது மொய் நோட்டு மாதிரி. அந்தப் பட்டியலை ஹின்ஷா விட்டுவிட்டார். எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

விலக்கப்பட்ட பெண்ணைப் பற்றிச் சபை ஏடு அதன்பின் பேசுவதில்லை; புத்தகமும் அங்கேயே நின்றுவிடுகிறது. பெட்சி இரண்டாவதாக மாலுமி ஜோசப் ஆஷ்பர்னை 1777இல் மணந்தது பழைய சுவீடிஷ் தேவாலயத்தில். அவர் இங்கிலாந்தின் ஓல்ட் மில் சிறையில் 1782இல் இறந்தார். அதே சிறையில் இருந்த ஜான் கிளேபூல்தான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். மறு ஆண்டு பெட்சியின் மூன்றாவது கணவர் ஆனார். இந்த இரண்டு கல்யாணங்களுக்கும் தேவாலயப் பதிவேடுகளைத்தான் புரட்ட வேண்டும்.

அப்பா, அம்மா, முதல் கல்யாணம் வரைக்கும் இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை. பென்சில்வேனியா, நியூஜெர்சிப் பக்கம் என்றால் இரண்டாம் தொகுதி. வேறு பகுதிகளுக்கு வேறு தொகுதிகள். சுருக்கெழுத்துப் பட்டியல் உள்ள பக்கத்தை முதல் வேலையாக நகலெடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.