42 ஆயிரம் போச்சு, செகண்ட் ஹேண்ட்ல சின்ன கேமரா வாங்கறவங்க படிச்சிட்டு வாங்குங்க

இன்னைக்கு சாயந்தரம் தான் பெங்களூர்ல ஒரு சர்வீஸ் கடைக்கு போயிட்டு தருமபுரி பஸ் ஸ்டாண்டுல வந்து எறங்குனேன். இன்னும் சட்டை கூட மாத்தல, ஆறிப்போச்சுன்னா எழுத மாட்டேன்னு எனக்கே தெரியும், அதான் இப்பவே உக்காந்துட்டேன். 42 ஆயிரம் ரூபாங்க. வீட்டுக்காரம்மா ரெண்டு வருஷமா கட்டுன சீட்டு, தள்ளி எடுத்த காசு. ஆப் பேரு சொல்லல, பழைய சாமான் வாங்கி விக்கிற ஆப், அவ்ளோ தான். வித்தவன் பேரும் வேணாம். கேமரா மாடலும் சொல்லப் போறதில்ல, ஏன்னா அந்த மாடல் மேல ஒரு தப்பும் இல்ல. கடைசில பத்து டிப்ஸ் போடறேன், படிங்க.

எனக்கு நடுகல் போட்டோ எடுக்கற பைத்தியம். நம்ம மாவட்டத்துல ஏரிக்கரை, வயக்காடு, புளியமரத்தடின்னு எங்க பாத்தாலும் ஒரு வீரன் வில்லோடயோ வாளோடயோ நிப்பான், சிலதுல மேல வட்டெழுத்து இருக்கும். போன்ல எடுத்தா ஸ்க்ரீன்ல பாக்க அழகா இருக்கும், பெருசு பண்ணா எழுத்தெல்லாம் பெயிண்ட் அடிச்ச மாதிரி வழிஞ்சு நிக்கும், போனே தானா ஷார்ப் பண்ணி கல்லோட சொரசொரப்ப சாவடிச்சிடும். பெரிய கேமரா தூக்கிட்டு டிவிஎஸ்ல போவ முடியாது. அதான் சட்டப் பாக்கெட்ல போற மாதிரி ஒண்ணு, ஆனா உள்ள பெரிய சென்சார் (வெளிச்சத்த வாங்கி படமாக்கற சில்லு), லென்ஸ் கழட்ட முடியாத மாடல். ஏபிஎஸ்-சி சென்சார், அதாவது சுமார் 23.5க்கு 15.7 மில்லிமீட்டர், 24 மெகாபிக்சல், 28 எம்எம் கோணம், அதாவது அகலமா புடிக்கும், எஃப் 2.8. எஃப்னா அப்பர்ச்சர், லென்ஸ்ல வெளிச்சம் நுழையற ஓட்டை, நம்பர் சின்னதா இருந்தா ஓட்டை பெருசு.

இந்த டைப் கேமராவுல என்ன சுகம்னா அந்த ஒரு லென்ஸ அந்த ஒரு சென்சாருக்குன்னே அளவெடுத்து தச்ச மாதிரி செஞ்சிருப்பாங்க, அதனால அவ்ளோ சின்ன உடம்புல ஓரம் வரைக்கும் ஷார்ப்பா வரும். கஷ்டம் என்னன்னா ஜூம் கெடையாது, கிட்ட வேணும்னா நடந்து போவணும், இல்ல க்ராப் பண்ணணும், 28ல எடுத்தத 50 எம்எம் அளவுக்கு க்ராப் பண்ணா 24 மெகாபிக்சல்ல ஏழு, ஏழரை தான் மிஞ்சும். கண்ண வெச்சுப் பாக்கற வியூஃபைண்டர் இல்ல, நம்மூரு வெயில்ல ஸ்க்ரீன்ல நம்ம மூஞ்சி தான் தெரியும். தண்ணி ஆவாது, ஒகேனக்கல் சாரல்ல எடுக்கவே கூடாது. இதெல்லாம் தெரிஞ்சு தான் ஆசப்பட்டேன், கல்லு ஓடிப் போவாது, நான் தான நடக்கணும். இதே மாதிரி லென்ஸ் கழட்ட முடியாத ஃபூஜி எக்ஸ்100 கேமரா வரிசை 2011ல இருந்து வருது, 2024ல வந்த புதுசு லட்சத்துக்கு மேல, அதப் பாக்கவும் முடியாது. அப்ப தான் ஆப்ல இது வந்துச்சு, 44 ஆயிரம், “லைட்டா யூஸ் பண்ணது, ஸ்க்ராட்ச் இல்ல”.

சாட்ல பேசுனா தேனா பேசறான். “ண்ணா நீங்க தருமபுரியா, எங்க அம்மா ஊரு பாலக்கோடுண்ணா”ன்னான். அங்கயே நான் பாதி விழுந்துட்டேன். ஓசூர்ல வேல பாக்கறானாம், நேர்ல வந்து பாத்துட்டு புடிச்சா எடுங்க புடிக்கலன்னா ஒரு டீ குடிச்சிட்டு போங்கண்ணான்னான். அப்படி சொல்றவன எப்படிங்க சந்தேகப்படறது. ஒரு சனிக்கெழம சாயந்தரம் ஆறரைக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல டீக்கடை. நேரத்த நல்லா கவனிங்க, ஆறரை. நான் மத்தியானமே வரேன்னு தான் சொன்னேன், அவன் தான் ஷிப்டு முடியணும்னான். கேமரா வாட்டமா இருந்துச்சு, புதுசு மாதிரி. அவனே ஆன் பண்ணி எஃப் 2.8ல வெச்சு குடுத்தான், “இதுக்கு தான்ணா இந்த கேமரா, பின்னாடி எப்படி கரையுது பாருங்க”ன்னு. டீ கிளாஸ எடுத்தேன், பின்னாடி பஸ் லைட்டெல்லாம் உருண்ட உருண்டயா, சொக்கிப் போயிட்டேன். பத்து போட்டோ எடுத்துருப்பேன், பத்தும் 2.8. டீக்காசு கூட அவன் தான் குடுத்தான்.

அப்புறம் சொன்னான், ஆப் வழியா கட்டுனா கமிஷன் புடிப்பாங்க, நேரா ஜிபே பண்ணா ரெண்டாயிரம் கொறச்சிக்கறேன்னு. அந்த ஆப்ல காசு கட்டுனா நாம சரின்னு சொல்ற வரைக்கும் அவங்க கையில நிறுத்தி வெப்பாங்க, அதுக்குத்தான் கமிஷனே. தெரியும் எனக்கு. தெரிஞ்சும் அந்த ரெண்டாயிரத்துக்கு ஆசப்பட்டு 42 ஆயிரத்த அங்கயே நின்னு அனுப்பிட்டேன். “டொய்ங்”னு சத்தம் வந்துச்சு, அவன் சிரிச்சான், நானும் சிரிச்சேன்.

மறுநாள் காலைல அரூர் பக்கம் ஒரு ஏரிக்கரை. கல்லும் தெரியணும் பின்னாடி மலையும் தெரியணும்னு எஃப் 11ல வெச்சேன், நல்ல வெயில், தெளிஞ்ச வானம். வீட்டுக்கு வந்து லேப்டாப்ல போட்டா வானத்துல புள்ளி புள்ளியா. பருந்துன்னு நெனச்சேன். எங்கக்கா பொண்ணு, ஆறாவது படிக்கறா, பக்கத்துல நின்னு பாத்துட்டு “மாமா, எல்லா போட்டோலயும் அதே எடத்துல அதே காக்கா நிக்குது”ன்னா. எண்ணுனேன், ஏழு. எஃப் 16ல வெச்சு வெள்ளச் செவுத்த எடுத்தேன், பதினொண்ணு. 2.8ல வெச்சேன், ஒண்ணு கூட இல்ல.

விஷயம் இது தான். சென்சார் மேல தூசி ஒக்காந்திருந்தா, அப்பர்ச்சர் தொறந்திருக்கும்போது வெளிச்சம் அகலமா பல பக்கத்துல இருந்து விழுறதால தூசியோட நெழல் கலைஞ்சு காணாமப் போயிடும், அப்பர்ச்சர மூட மூட வெளிச்சம் ஒடுங்கி விழும், நெழல் கறுப்பா தெரியும். அவனுக்கு இது தெரியும்ங்க. தெரிஞ்சு தான் 2.8, தெரிஞ்சு தான் ஆறரை மணி. லென்ஸ் கழட்டற கேமராவா இருந்தா ஊதி விட்டு தொடச்சிக்கலாம், இதுல லென்ஸ் ஆன் பண்ணா வெளிய வரும் ஆஃப் பண்ணா உள்ள போவும், ஒவ்வொரு வாட்டியும் காத்த இழுக்கும், காத்தோட தூசியும் போவும், போனது போனது தான், பிரிச்சா தான் எடுக்க முடியும்.

அது மட்டும் இல்ல, கல்லோட வலது ஓரத்துல எழுத்து தெரியல. எஃப் 8ல எடுத்தும் தெரியல. இடது பக்கம் உளி பட்ட தடம் கூட தனித்தனியா தெரியுது, வலது பக்கம் தண்ணிக்குள்ள கெடக்கற மாதிரி. கேமராவ தலைகீழா திருப்பி எடுத்தேன், இப்ப கல்லோட இடது பக்கம் மங்கல். அப்ப கல்லு மேல தப்பில்ல.

போன் போட்டேன். “லென்ஸ் முன்னாடி துணில தொடைங்கண்ணா”. தொடச்சேன். “செட்டிங் ஏதோ மாத்திருப்பீங்க, ரீசெட் குடுங்க”. குடுத்தேன். மூணாவது நாள் சார்னு கூப்ட ஆரம்பிச்சிட்டான், “உங்க ஊரு பக்கம் கல்குவாரி தூசி ஜாஸ்தி சார், நீங்க தான் உள்ள விட்டுட்டீங்க”. ஒரே நாள்லயாடா பதினொரு தூசி போவும். அதோட ப்ளாக்.

ஆப்ல கம்ப்ளெயிண்ட் போட்டேன். மொதல்ல மெசின் பேசுச்சு, உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்னு. 48 மணி நேரம்னாங்க, 48 ஆச்சு, இன்னொரு 48. கடைசில ஒரு பொண்ணு லைன்ல வந்து, ஆப்புக்கு வெளிய பணம் குடுத்ததால எங்க பாதுகாப்புல வராது சார், வேற ஏதாவது உதவி வேணுமான்னு கேக்குது. என்னத்த கேக்கறது. 42 ஆயிரம்மா, அது ஒண்ணு தான் வேணும்னேன், டிக்கெட்ட மூடிட்டாங்க.

இன்னைக்கு சர்வீஸ் கடைக்காரரு லென்ஸ தொடக்கூட இல்ல, அடில இருக்கற ஸ்க்ரூவ பாத்ததும் “ஏற்கனவே யாரோ பிரிச்சிருக்காங்க”ன்னுட்டாரு. ஸ்க்ரூ தலை தேஞ்சிருக்கு. யாரோ தூசி எடுக்கறேன்னு பிரிச்சு, தூசியும் போவாம, லென்ஸையும் கோணலா மாட்டி வெச்சிருக்காங்க, அதான் வலது ஓரம் மங்கல். தூசி எடுக்க மட்டும் 9,500, லென்ஸ் நேராவும்னு கேரண்டி குடுக்க மாட்டேன், லென்ஸ் யூனிட்டே மாத்தணும்னா பழைய கேமரா வெலை வந்துடும்னாரு. பாவம், அவரு உண்மைய சொன்னாரு, பாத்ததுக்கு காசும் வாங்கல. எடுத்துட்டு வந்துட்டேன். 42 ஆயிரம், பாக்கெட்ல கல்லு மாதிரி கெடக்குது. கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915க்கு நாளைக்கு அடிக்கணும், மொதல்ல பில்ல தான் கேப்பாங்க, டீக்கடைல எவன் பில்லு குடுப்பான்.

டிப்ஸ். பகல்ல மட்டும் பாருங்க. எஃப் 16ல வெச்சு வானத்தையோ வெள்ளச் செவுத்தையோ எடுத்து, போன்ல ஏத்தி பெருசு பண்ணி பாருங்க, கேமரா ஸ்க்ரீன நம்பாதீங்க. செங்கச் செவுரு இல்ல நியூஸ்பேப்பர விரிச்சு நேரா எடுத்து நாலு மூலையும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. அடில ஸ்க்ரூ தலைய பாருங்க. ஆப்ல சாட் பண்ணா ஆப்லயே கட்டுங்க, எவனோட அம்மா ஊரு எந்த ஊரா இருந்தாலும்.

பத்துன்னு சொன்னேன், அஞ்சு தான் வந்துருக்கு, மிச்சம் ஞாபகம் வரல. வீட்டுக்காரம்மா இன்னும் கேமரா ரிப்பேராயிடுச்சான்னு தான் கேக்கறா, ஆயிடுச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன். அவன் நம்பர அக்கா போன்ல போட்டுப் பாத்தேன், ஆன்லைன்ல தான் இருக்கான்.