சிஆர்பியா, புரோகால்சிடோனினா: காய்ச்சலுக்கு எதுக்கு காசு கட்டலாம்?

காய்ச்சல்னு அட்மிட் ஆனா சிபிசி (வெள்ளணு உட்பட ரத்த அணுக்களோட எண்ணிக்கை), இஎஸ்ஆர் (சிவப்பணு படியற வேகம்), சிஆர்பி, புரோகால்சிடோனின் (ரெண்டும் தொற்று வந்தா ரத்தத்துல ஏறுற புரதம்)னு மொத்தமா ரத்த டெஸ்ட் எழுதிடறாங்க. இஎஸ்ஆர் ரொம்ப ஸ்லோ, ரத்த சோகை இருந்தாலே ஏறிடும், அதை விட்டுடலாம். வெள்ளணு கவுண்ட்டும் டைபாய்டுல பல நேரம் ஏறவே ஏறாது. நிஜமான போட்டி மத்த ரெண்டுக்கும்தான்.

சிஆர்பி 1930லயே நியூயார்க் ராக்பெல்லர் இன்ஸ்டிட்யூட்ல நிமோனியா நோயாளிங்க ரத்தத்துல கண்டுபிடிச்சது. கிருமி உள்ள வந்ததும் வெள்ளணுக்கள் ஐஎல்-6னு ஒரு சிக்னல் விடும், அது லிவருக்குப் போய் சிஆர்பி தயாராகி, சுமார் 6 மணி நேரத்துல ஏற ஆரம்பிச்சு 2 நாள்ல உச்சிக்குப் போகும். விலை கம்மி, சின்ன லேப்லயும் பாக்கலாம். ஆனா அடிபட்டாலும் ஏறும், முடக்குவாதத்துக்கும் ஏறும். முடக்குவாதத்துக்குக் குடுக்கற டோசிலிசுமாப் மருந்து போட்டவங்களுக்கு ஐஎல்-6 வழியே அடைபட்டிருக்கும், உள்ள இன்ஃபெக்ஷன் இருந்தாலும் சிஆர்பி நார்மலா வரலாம், அவங்க விஷயத்துல இந்த நம்பரை நம்பவே கூடாதுங்க.

புரோகால்சிடோனின் சாதாரணமா தைராய்டுல மட்டும் துளி உண்டாகும். பாக்டீரியா ரத்தத்துல பரவினா லிவர், கொழுப்புன்னு உடம்பு முழுக்க சுரக்கும், அதுவும் சிஆர்பிக்கு முன்னாடியே. வைரஸ் காய்ச்சல்ல வர்ற இன்டர்ஃபெரான் காமாங்கற சிக்னல் புரதம் இதை அடக்கிடும், அதனாலதான் பாக்டீரியாவா வைரஸான்னு பிரிக்க இது கொஞ்சம் பெட்டர். ஆனா பெரிய ஆபரேஷனுக்கு அப்புறமும், பொறந்த குழந்தைக்கு முதல் 2 நாளும் தானாவே ஏறும், ஒரே இடத்துல கட்டியிருக்கிற சீழுக்கு ஏறாமலும் போகலாம்.

என்னைக் கேட்டா ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கலாமான்னு முடிவு பண்றதுக்கு புரோகால்சிடோனினை நம்பி காசு கட்ட வேணாம். 2018ல வந்த அமெரிக்க ப்ரோஆக்ட் ஆய்வுல 14 ஆஸ்பத்திரில இந்த டெஸ்ட்டை வெச்சு பாத்தாங்க, மூச்சுத்தொற்றுக்கு ஆன்டிபயாடிக் குடுத்த நாள் குறையல. நிறுத்தறதுக்குத்தான் இது தங்கம்! நெதர்லாந்து ஐசியுக்கள்ல புரோகால்சிடோனின் மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராமுக்கு வந்தாலோ உச்சத்துல இருந்து 80% இறங்கினாலோ நிறுத்தலாம்னு டாக்டர்களுக்கு சொன்னாங்க, 7 நாள் மருந்து 5 நாளாச்சு, அந்த குரூப்ல இறப்பும் கம்மி (2016 ரிசல்ட்).

வார்டுல சாதாரண காய்ச்சல்னா சிஆர்பியே போதும், ஆனா 2 நாள் விட்டு திருப்பி பாருங்க, ஒரு தடவை நம்பர வெச்சு ஒண்ணும் புரியாது. லேப் மாத்தினா யூனிட்டையும் பாருங்க, ஒரு லேப் டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராம்னு போடும், இன்னொண்ணு லிட்டருக்கு 60னு போடும், ரெண்டும் ஒரே அளவுதான், பத்து மடங்கு ஏறிடுச்சுன்னு பதறாதீங்க.