பிள்ளையோடு டூர் டி பிரான்ஸ் பார்க்கப் போன சைக்கிள்கள்: இரண்டு மாரி தாண்டிய பிறகு

டூர் டி பிரான்ஸை, பிரான்ஸில் வருஷா வருஷம் நடக்கிற அந்தப் பெரிய சைக்கிள் ஓட்டப் போட்டியை, பிள்ளையோடு சைக்கிளில் பின்தொடர முடியுமா என்று கேட்டால், முடியாது, ஆனால் போகலாம் என்றுதான் சொல்வேன். 2024 போட்டி, ஒரு நாளைக்கு ஒன்றாக 21 கட்டங்களில் 3,498 கிலோமீற்றர். அதை ஓடுகிறவர்கள் ஓய்வு நாளில்கூட சைக்கிள் மிதிக்கிற ஆட்கள். என் மகனுக்கு அப்போது பதினொரு வயது, ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோமீற்றர் ஓடினால் அவனுக்குப் போதும், எனக்கும் போதும். அதனால் துரத்துகிற யோசனையை விட்டுவிட்டு, போட்டி தானாக வந்து சேருகிற ஊரில் போய்க் குந்தியிருப்பதுதான் வழி.

அந்த வருஷம் அப்படி அமைந்த ஊர், கிழக்குப் பிரான்ஸில் இருக்கிற டிஜோன். ஜூலை 4 ஆறாம் கட்டம் அங்கேயே முடிந்தது. அடுத்த நாள் டைம் ட்ரயல் (ஒவ்வொருவரும் தனியாக, நேரத்தோடு ஓடுவது), பக்கத்தில் இருக்கிற நுயி சன் ஜோர்ஜில் தொடங்கி ஜெவ்ரே ஷம்பெர்த்தனில் முடிகிற 25.3 கிலோமீற்றர். அதற்கு அடுத்த நாள் எட்டாம் கட்டம் செமூரில் தொடக்கம். ஒரே இடத்தில் கூடாரம் அடித்து மூன்று கட்டம் பார்க்கலாம். பாரிஸில் இருக்கிற என் தம்பிதான் வரைபடத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடித்தவன். சைக்கிள் இரண்டையும், பாவித்ததுதான், முன்கூட்டியே வாங்கி வைத்தவனும் அவன்தான். அந்தச் சைக்கிள்களைத்தான் பிறகு மட்டக்களப்புக்குக் கொண்டுவந்து, இரண்டு மாரியாக ஓடுகிறோம்.

பிள்ளையோடு போகிறவர்களுக்கு நான் அடித்துச் சொல்வது, டைம் ட்ரயல் நாளைத் தவறவிடாதீர்கள். சாதாரணக் கட்டத்தில் மணிக்கணக்காக றோட்டோரம் நின்றால், முதலில் விளம்பர வாகனங்கள் வந்து தொப்பியும் இனிப்பும் எறிந்துவிட்டுப் போகும் (பிள்ளைகளுக்கு அதுவே பாதித் திருவிழா), மறுகா நெடுநேரம் ஒன்றும் இல்லை, கடைசியில் கூட்டமாக வந்து 'விர்' என்று போய்விடுவார்கள், யார் யாரென்றே தெரியாது. டைம் ட்ரயலில் ஒவ்வொருவராக விடுகிறார்கள். பின்னேரம் முழுக்க ஆள் வந்துகொண்டே இருப்பார், முகம் தெரியும், மூச்சு வாங்குகிறது கேட்கும். மகன் ஓட்டக்காரர்களின் பேர்ப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாக அடித்துக்கொண்டு வந்தான். அன்று ரெம்கோ எவனபூல் வென்றார், பொகாச்சார் 12 செக்கனால் இரண்டாமிடம்.

செமூருக்கு டிஜோனிலிருந்து ரயிலில் லெ லோம் வரை போய், மீதியைச் சைக்கிளில் ஓடினோம். நாங்கள் போன வட்டார ரயிலில் சைக்கிளை அப்படியே ஏற்றினோம், ஆனால் போட்டி நாட்களில் எல்லாரும் அதைத்தான் செய்வார்கள், ஆகவே விடிய முதல் ரயிலைப் பிடியுங்கள். தொடக்க ஊரில் ஓட்டக்காரர்களைக் கிட்ட நின்று பார்க்கலாம் என்பது பெரிய வசதி. மகனுக்கு எரித்திரியாக்காரர் பினியம் கிர்மாயைத்தான் பார்க்க வேண்டும். சில நாள் முன்னர் இத்தாலியின் தூரினில், டூரில் ஒரு கட்டம் வென்ற முதல் கறுப்பின ஆபிரிக்கர் என்று பேர் எடுத்தவர். "அம்மா, இவர் நம்மட நிறம்" என்றான். நான் "ஓம் மனே" என்றேன், வேறென்ன சொல்ல. அன்றைய கட்டத்தையும் கிர்மாயே வென்றார், புள்ளிப் பட்டியலில் முதலாவதாக வருகிறவருக்குக் கொடுக்கிற பச்சை ஜேர்சியும் கடைசியில் அவருக்குத்தான்.

போட்டி வடக்கே போக, நாங்கள் பூர்கோன் கால்வாயோரம் மெல்ல மெல்லத் திரும்பினோம். கால்வாய் முழு நீளம் 242 கிலோமீற்றர், படகுகளை ஏற்றி இறக்குகிற மதகுகள் 189. மதகடியில் மட்டும் கொஞ்சம் ஏற்றம், மற்றப்படி நம் வாவிக்கரை றோட்டுப் போலச் சமதரை. கரையோர ஊர்களில் கூடாரம் அடிக்கச் சின்னச் சின்னத் திடல்கள் இருக்கின்றன. சாப்பாட்டுக்குப் பாணும் போத்தலில் கொண்டுபோன கட்டைச்சம்பலும்.

இனி சைக்கிள்கள். மகனுடையது 24 அங்குலச் சில்லு, எட்டுக் கியர், அலுமினியச் சட்டம், பத்துக் கிலோ அளவு. இது முக்கியம். கடைகளில் பிள்ளைகளுக்கென்று விற்கிற, முன்னுக்கு ஸ்பிரிங் வைத்த இரும்புச் சைக்கிள் பதினான்கு பதினைந்து கிலோ வரும், பிள்ளையின் எடையில் பாதி. அதில் கரியரும் பையும் கட்டி எந்தப் பிள்ளையையும் நெடுந்தூரம் கூட்டிப்போக முடியாது. பாரம் முழுவதும் என்னுடையதில்தான், பின் கரியரில் இரண்டு ஓர்ட்லீப் பை, சேர்த்து 40 லீட்டர். வாயைச் சுருட்டிப் பூட்டுகிற மாதிரி. பிரான்ஸ் மழைக்கும் சரி, இங்கே மார்கழி மழைக்கும் சரி, உள்ளே ஒரு துளி போனதில்லை. இப்போது சந்தைக்குப் போகவும் அதுதான், மீன் வாங்கினால் மட்டும் வேறு பை.

சைக்கிளைப் பெட்டியில் போட்டு விமானத்தில் கொண்டு வருகிறவர்கள், பின் கியர் தொங்குகிற அந்தச் சின்ன அலுமினியத் துண்டில் மேலதிகமாக ஒன்று வாங்கி வையுங்கள். எங்களுடையது பெட்டிக்குள்ளேயே வளைந்துவிட்டது. ஒவ்வொரு மாடலுக்கும் அதன் வடிவம் வேறு, மட்டக்களப்பில் தேடிக் கிடைக்காது.

கல்லடியில் கடற்கரைக்குக் கிட்டத்தான் வீடு. பிரான்ஸில் மாதக்கணக்கில் தாங்குகிற செயின் இங்கே உப்புக்காற்றில் ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் சிவந்துவிடும். எண்ணெயை ஊற்றக் கூடாது, மணல் வந்து ஒட்டும். துணியால் துடைத்து, இணைப்புக்கு ஒரு துளி, மறுபடி துடைத்துவிட வேண்டும். என்னுடைய சட்டம் இரும்பு, சீற்றுக் குழாய் அலுமினியம், இரண்டும் உப்பில் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். இடைக்கிடை கழற்றிக் கிறீஸ் பூசினால் பிரச்சினை இல்லை. பிரேக் பழைய இறப்பர் கட்டை மாதிரி, டிஸ்க் அல்ல. கட்டை இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும்.

கிடைக்காதது என்னுடைய ரயர். நம் கடைகளில் 28 என்று தருகிறது பழைய பெரிய சைக்கிளின் ரயர், உள்விட்டம் 635 மில்லிமீற்றர். என்னுடைய றிம் 622. அதையும் 28 என்றுதான் எழுதுவார்கள், ஆனால் ஒன்று மற்றதுக்குப் போடேலாது. கொழும்பிலிருந்து எடுப்பிக்கிறேன். மகனுடைய 24க்கு இங்கேயே தாராளமாக உண்டு. அடுத்த தலையிடி வல்வு. மெல்லிய வாயுள்ள வல்வுக்குக் கடைப் பம்ப் பொருந்தாது, பித்தளை அடாப்டர் ஒன்று போட்டால் சரி, விலை அற்பம், ரியூப்பிலேயே மாட்டி விட்டிருக்கிறேன்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் மேற்கே உன்னிச்சைப் பக்கம் போனால் எட்டுக் கியரும் தேவைப்படும். கல்முனைக்கு விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டால் வெயிலுக்கு முன் போய்ச் சேரலாம். காத்தான்குடி தாண்டும் வரை ஓட்டோக்களைப் பார்த்து மகன் எனக்குப் பின்னால்தான், அதற்குப் பிறகு முன்னால் விடுவேன்.

இன்னொரு முறை வாங்கினால் என் சைக்கிளை 26 அங்குலச் சில்லில் எடுப்பேன், ரயருக்காக மட்டும். மகனுடையதில் மாற்ற ஒன்றும் இல்லை, அவன்தான் வளர்ந்துவிட்டான், சீற்றுக் குழாய் கடைசிக் கோட்டில் நிற்கிறது. களுவாஞ்சிக்குடியில் என் அக்காவின் மகளுக்கு வருகிற மாதம் போகிறது, புதுச் செயினும் ஒரு அடாப்டரும் சேர்த்து.