ஆறு அடைத்த பிறகு: கொல்லையா உளுந்தா, கோழியா ஆடா மாடா?

மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28-இல் அடைத்துவிடுவார்கள். மறுபடி திறப்பது ஜூன் 12-இல், அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால்தான். சம்பா அறுவடை நெருங்கும் தை தொடங்கி, வேம்பு பூக்கும் பங்குனி வரையிலான இந்த மாதங்களில்தான் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்துச் சிறு குடும்பங்கள் அடுத்த நான்கரை மாதத்தை எப்படிக் கழிப்பது என்று கணக்குப் போடுகின்றன. மூன்று மா நிலம், அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர். வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட் கொல்லை. ஓர் அடிபம்பு அல்லது சிறிய மோட்டார். வேலை செய்ய வீட்டில் இரண்டு பேர். இப்படிப்பட்ட குடும்பத்தை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். ஐந்து ஏக்கரும் போர்வெல்லும் உடையவர்களின் கணக்கு வேறு.

முதலில் பயிரைப் பார்ப்போம். நெல் தரிசில் உளுந்து தெளிப்பது காவிரி டெல்டாவில் பழகிய ஏற்பாடு. அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னதாக, வயல் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கிற கதிருக்கு இடையிலேயே விதையை வீசிவிடுவார்கள். உழவு கிடையாது, பாசனம் கிடையாது. களிமண்ணில் எஞ்சிய ஈரமும் விடியற்காலைப் பனியும் போதும் என்பது இதன் அடிப்படை. ஆடுதுறை 3 போன்ற இரகங்கள் எழுபது நாளைச் சுற்றி முற்றிவிடும். ஆனால், இந்த ஏற்பாடு கையறுவடைக் காலத்தில் உருவானது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். முளைத்து இரண்டு இலை விட்ட செடியின் மேல் சங்கிலிச் சக்கர அறுவடை இயந்திரம் ஏறினால், அது போன தடத்தில் ஒன்றும் மிஞ்சாது. இயந்திரம் வரும் நாளை உறுதி செய்துகொண்டு, அதற்கு மூன்று, நான்கு நாள் முன்பு தெளித்தால் சேதம் குறையும். அந்த நாளைத்தான் யாராலும் உறுதி செய்ய முடிவதில்லை. மஞ்சள் தேமல் நோய் வந்துவிட்டால், அதைப் பரப்பும் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்தி, நோய்ப்பட்ட செடிகளை ஆரம்பத்திலேயே பிடுங்கி எறிவதைத் தவிர வேறு வழியில்லை.

கொல்லைத் தோட்டம் இதற்கு நேர் எதிரானது. உளுந்துக்கு ஆள் வேண்டாம், அதிர்ஷ்டம் வேண்டும். தோட்டத்துக்கு அதிர்ஷ்டம் அவ்வளவாக வேண்டாம், காலையும் மாலையும் ஓர் ஆள் வேண்டும். முளைக்கீரை இருபத்தைந்து நாளில் பிடுங்கலாம். வெண்டை நாற்பத்தைந்து நாளில் முதல் காய் தரும். கொத்தவரை வெயிலுக்கு அசராது. புடலையும் சுரையும் பந்தல் கேட்கும், ஆனால் அந்தப் பந்தலின் நிழல்தான் சித்திரை வெயிலில் கோழிகளுக்கும் கன்றுக்கும் இடம். டெல்டாவின் களிமண் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் என்பதால், பாத்தியில் மக்கிய எருவும் படுகை மணலும் கலக்காமல் விதை போடுவது வீண் வேலை. கடலோரத்தில், வேதாரண்யம் பக்கம், அடிபம்பில் உப்புநீர் வந்தால் தோட்டத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கால்நடையில் மாட்டைத்தான் எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். உம்பளச்சேரி மாடு இந்தச் சேற்றுக்கென்றே அமைந்த இனம். கன்று செம்பழுப்பாகப் பிறந்து, வளர வளரச் சாம்பல் நிறமாகும். நெற்றியில் வெள்ளைச் சுட்டி, கால்களில் வெள்ளை. பார்க்க அழகு, தீவனத்தில் சிக்கனம், வெயிலைத் தாங்கும். ஆனால் பால் நாளொன்றுக்கு இரண்டு லிட்டரை ஒட்டித்தான். அதன் உண்மையான பலம் உழவில் இருந்தது; அந்த வேலையை டிராக்டர் எடுத்துக்கொண்டுவிட்டது. கலப்பினப் பசு அதைப்போலப் பல மடங்கு கறக்கும், ஆனால் பங்குனிக்கு மேல் பசுந்தீவனமும் நிழலும் குடிநீரும் குறைந்தால் முதலில் இறங்குவது பால்தான். சம்பா வைக்கோல் கையிலிருக்கிறதே என்பார்கள். இயந்திரம் அறுத்த வைக்கோல் நைந்து வயலெங்கும் கிடக்கும். அதை உருளைக்கட்டாகக் கட்டும் வண்டிக்கு நாம்தான் வாடகை கொடுக்க வேண்டும். வீட்டில் ஒருவர் எப்போதும் இருக்கும் குடும்பத்துக்கே மாடு பொருந்தும்.

ஆடு தாளில் கணக்கெழுதும்போது வெற்றி பெறும். சினைக்காலம் ஐந்து மாதம், பெரும்பாலும் இரட்டைக் குட்டி; வேலியோரத்து அகத்தி, கிளுவை, பூவரசம் இலையே பாதித் தீவனம். நடைமுறை வேறு. ஊரெங்கும் உளுந்து நிற்கும்போது ஆட்டை அவிழ்த்துவிட முடியாது. கட்டியே வளர்த்தால் தழை ஒடிக்க ஓர் ஆள். ஒரு பங்குனியில் எங்கள் வீட்டுக் குட்டி ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு போய் ஒரே இரவில் பக்கத்துக் கொல்லையின் அவரைப் பந்தலை மொட்டையாக்கிவிட்டது. அவரைக்கு ஈடு கொடுத்தோம், பேச்சுவார்த்தை திரும்ப ஆவணி ஆயிற்று. ஐப்பசி அடைமழையில் ஈரத்தரையில் நின்றால் குளம்பு அழுகும், பரண் கட்ட வேண்டும். ஆகவே ஆடு வளர்க்கத்தான் வேண்டும் என்பவர்கள் தையில் குட்டி வாங்கிப் புரட்டாசிக்குள் விற்றுவிடுவது நல்லது என்பது என் கருத்து.

நாட்டுக்கோழியிடம் நான் பாரபட்சம் காட்டுகிறேன் என்று வீட்டில் சொல்வார்கள், இருக்கலாம். மாசியில் அடை வைத்தால் இருபத்தொரு நாளில், வெயில் ஏறுவதற்குள் குஞ்சு இறங்கிவிடும். சித்திரையில் வைத்த அடையில் கூமுட்டை அதிகம். மண் நிரப்பிய பழைய கூடையில் வைக்கோல் பரப்பி, பத்துப் பன்னிரண்டு முட்டையை வைத்து, ஏழாம் நாள் இரவு டார்ச் ஒளியில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தால், கரு ஊன்றிய முட்டையில் சிலந்திவலை போன்ற சிவப்பு நரம்புகள் தெரியும், தெரியாததை எடுத்துவிடலாம். வெள்ளைக் கழிச்சல்தான் பெரிய எதிரி. முதல் வாரத்தில் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. இதைத் தவறவிட்டால் ஒரே வாரத்தில் பஞ்சாரம் காலியாகிவிடும்.

கோழியும் தோட்டமும் ஒன்றுக்கொன்று உதவும் என்று படிப்பவர்கள், புதிதாக விதைத்த கீரைப் பாத்தியைக் கோழி கிளறுவதையும் பார்க்க வேண்டும். விதை தூவியதும் கருவேல முள்ளைப் பரப்பி, கீரை நான்கு விரல் உயரும் வரை கோழிகளைப் பகலிலும் அடைத்து வைக்கிறோம். செடி பெரிதான பிறகு திறந்துவிட்டால், வெண்டையின் கீழிருக்கும் புழுவையும் கறையானையும் அவையே பார்த்துக்கொள்ளும். ஆட்டோடு இப்படி ஓர் உடன்பாடு செய்துகொள்ளவே முடியாது. மாட்டுக்கு இயல்பான துணை உளுந்து: காய் அடித்த பிறகு மிஞ்சும் பொட்டும் (காயின் தோல்) கொடியும் தீவனம், சாணம் அப்படியே குறுவை வயலுக்கு. ஆகவே அடிபம்பு மட்டும் உள்ள வீட்டுக்குக் கொல்லையும் கோழியும். ஆளும் நிழலும் உள்ள வீட்டுக்கு உளுந்தும் ஒரு பசுவும் என்றே நான் பிரிப்பேன்.

எதையும் வளர்க்க ஆளில்லாத வீட்டுக்கும் வழி உண்டு. அறுவடைக்குப் பின் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் என்னும் ஆட்டு மந்தைக்காரர்கள் செம்மறிக் கூட்டத்தோடு டெல்டாவுக்கு வருவார்கள். உளுந்து எடுத்த வயலிலோ தெளிக்காத வயலிலோ இத்தனை இரவு என்று பேசிக் கிடை போட்டால், அதாவது இரவில் ஆடுகளை வயலிலேயே அடைத்து வைத்தால், புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணில் இறங்கும். வண்டி எரு அடிக்கும் செலவு இல்லை. பேசும்போது ஆட்டின் எண்ணிக்கையை மாலையில் பட்டியில் அடைக்கையில் நின்று எண்ணிக்கொள்ளுங்கள். காலையில் மேய்ச்சலுக்குக் கிளம்பும் அவசரத்தில் யாராலும் எண்ண முடியாது.